கோட்டை வாசலில் எட்டு மாப்பிள்ளைகள்

கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றை அழித்துவிட்டோம் என்று நம்பி நிம்மதியாகக் காப்பி குடிக்கிறவனைப் போல ஓர் ஏமாளி உலகத்தில் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புனே ஔந்தில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அப்படி இரண்டு டம்ளர் குடித்தவன் நான். அடுத்த சில மணி நேரத்தில் என் அக்காவின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் போகிறோம் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். யாராவது கேட்டால், "அவன் கம்ப்யூட்டர்ல என்னமோ பெருசா பண்ணிக்கிட்டு இருக்கான்" என்று அம்மா சொல்லுவாள். (அந்த 'என்னமோ' என்னவென்று தெரிந்திருந்தால் கரண்டியோடு வந்திருப்பாள்.)

பள்ளிக்கூட நாட்களில் கசார்வாடியில் ஒரு கேம் கடையில் வரிசையில் நின்று ஆடிய விளையாட்டு ஒன்று. ஒரு கோட்டை, அதைக் காக்கும் முரட்டு வீரர்கள், அவர்களை மரச்சுத்தியலால் அடித்துக்கொண்டே நாம் உள்ளே போக வேண்டும். அந்தக் கால டிவி கேம் பெட்டியைப் போலக் கம்ப்யூட்டரை நடிக்க வைக்கிற எமுலேட்டர் என்ற மென்பொருளில் அதை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஐயோ பாவம்! வீரர்களின் முகமெல்லாம் முறுக்கா மூஞ்சியா என்று தெரியாத மங்கல். ஆனால் அதற்கும் வழி இருந்தது. சுவர், தரை, முகம் என்று எல்லாவற்றின் மேலும் ஒட்டியிருக்கிற சின்னச் சின்னப் படங்களை, டெக்ஸ்சர் என்பார்கள், உருவி எடுத்துவிட்டு அதே பெயரில் தெளிவான பெரிய படங்களை வைத்துவிட்டால் போதும். பழைய விளையாட்டு பளிச்சென்று புதிதாகிவிடும்.

சுவருக்கு எங்கள் மொட்டைமாடிச் சுவரையே போட்டோ எடுத்தேன். முகத்துக்கு எங்கே போவது? நேராகப் பார்த்து, நல்ல வெளிச்சத்தில், காது இரண்டும் தெரிகிற மாதிரி எடுத்த ஆண் முகங்கள் வேண்டும். எங்கள் வீட்டு பீரோவில் ஒரு ஃபைல் நிறைய இருந்தன.

சங்கரி அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஜாதகத்தோடு ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ வரும். வேண்டாமென்றால் இரண்டையும் பத்திரமாகத் திருப்பித் தருவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. கூரியரில் போடுகிற வேலை என்னுடையது. போடுவதற்கு முன் ஒரு தடவை ஸ்கேன் செய்துகொண்டேன், அவ்வளவுதான். அதிலும் எனக்கு ஒரு நேர்மை உண்டு. அக்கா வேண்டாமென்று சொன்னவர்கள் மட்டுமே என் கோட்டைக்குள் வரலாம். அப்படி ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள்.

ஏழாவது, புனேக்குப் பக்கத்துச் சாகணில் கார் கம்பெனி இன்ஜினியர் செல்வக்குமார். போட்டோவைப் பார்த்ததுமே அக்கா, "என்ன இப்படி மொறைக்காரு! எனக்கு வேண்டாம்ப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் அன்றைக்கே அவரைக் கோட்டை வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டேன். அந்த முறைப்புக்கு வேறு எந்த வேலை கொடுப்பது?

ஆனால் அப்பா போனில் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். "போட்டோவ வச்சு ஒரு மனுசன முடிவு பண்ணக் கூடாது. ஞாயித்துக்கெழம வாராவ, நேர்ல பாத்துட்டுச் சொல்லு" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவுக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. இது நல்லபடியாக அமைய வேண்டுமென்று அம்மா எதையெதையோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டர் இருப்பதோ ஹாலில், சோபாவுக்கு நேர் எதிரில். ஞாயிறு காலை எழுந்ததும் முதல் வேலையாக அந்தப் படங்கள் இருந்த ஃபோல்டரையே அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். விளையாட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேனா? இல்லை. அதற்குப் பதில்தான் அந்த இரண்டு டம்ளர் காப்பி.

பதினோரு மணிக்கு வந்தார்கள். செல்வக்குமார், அவருடைய அப்பா, அம்மா. ஆள் நேரில் முறைக்கவே இல்லை. சாதுவாகச் சிரித்தார். கேசரி, பஜ்ஜி, பாக்கர்வடி எல்லாம் வந்தன. அக்கா வந்து உட்கார்ந்தாள். இரண்டு தடவை நிமிர்ந்துகூடப் பார்த்தாள். அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த உற்சாகத்தில்தான் என்னைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"நம்ம தம்பி கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு. அவனுக்கும் ஒங்க கம்பெனியில ஒரு வழி சொல்லுங்க. ஏல, நீ பண்ணுத புராஜெக்ட அவுகளுக்குக் காட்டு."

"இப்ப எதுக்கும்மா? கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு."

"காட்டுங்க தம்பி, பாப்போம்" என்று செல்வக்குமாரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அப்பா கண்ணாலேயே 'காட்டுடே' என்றார். படங்கள்தான் போய்விட்டனவே, பழைய மங்கல் விளையாட்டை இரண்டு நிமிஷம் ஓட்டிவிட்டு மூடிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திறந்தேன்.

முதலில் வந்தது எங்கள் மொட்டைமாடிச் சுவர். பளிச்சென்று, ஒவ்வொரு விரிசலும் தெரிய.

எனக்கு உயிர் போய்விட்டது. (அந்த எமுலேட்டர் ஒவ்வொரு தடவையும் படங்களைத் தேடி அலுத்துப்போகாமல் இருக்க, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வேறோர் இடத்தில் பதுக்கி வைத்திருந்ததாம். பாவி மென்பொருள்! இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது மறுநாள்.) மூடுவதற்குள் மரத்துக்குப் பின்னாலிருந்து கதாயுதத்தோடு ஒரு வீரன் குதித்தான்.

"இது நம்ம பிம்ப்ரி மாமா மகன்லா!" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தாள்.

பதற்றத்தில் மூடுகிற பட்டனுக்குப் பதில் வேறு எதையோ அழுத்தித் தொலைத்தேன். விளையாட்டில் என் ஆள் கோட்டை வாசலுக்கே ஓடிவிட்டான். பழைய விளையாட்டுகளில் இடத்தை மிச்சம் பிடிக்க ஒரே முகத்தைப் பல பேருக்கு ஒட்டியிருப்பார்கள். அதனால் வாசலில் நின்றது ஒரு செல்வக்குமார் இல்லை. எட்டு. எட்டுப் பேரும் ஒரே முறைப்போடு, கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையாக எங்களை நோக்கி வந்தார்கள்.

"ஏ செல்வம், இது நீயாடே?" என்றார் அவருடைய அப்பா.

எங்கள் அப்பா பாய்ந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மின்விசிறி நின்றது. டியூப் லைட் அணைந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை. மேசைக்குக் கீழே இருந்த யு.பி.எஸ். 'பீப், பீப்' என்று கத்திக்கொண்டு அதைக் காப்பாற்றியது. வெளிச்சம் குறைந்த ஹாலில் எட்டு முகங்களும் இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

"தம்பி, இதுல இருக்குறவங்க எல்லாம் யாரு?" என்று செல்வக்குமார் மெதுவாகக் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் எனக்குப் பொய் வராது, அதுதான் என் சாபக்கேடு. "அக்கா வேண்டாம்னு சொன்னவங்க" என்றேன்.

"ஓ. அப்ப நானு?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் வாழ்க்கை போனால் போகிறது, அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா" என்றாள் அக்கா. "போட்டோவப் பாத்து வேண்டாம்னுதான் சொன்னேன். ரொம்ப மொறைச்சீங்க."

செல்வக்குமார் திரையைப் பார்த்தார். எட்டுப் பேரும் என் ஆளைச் சுற்றிநின்று மொத்திக்கொண்டிருந்தார்கள். "சரியாத்தான் சொல்லிருக்கீங்க. எனக்கே பயமா இருக்கு" என்றார். "இப்ப?"

"இப்ப நீங்க மொறைக்கலியே."

அவர் சிரித்துவிட்டார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை. "கெளம்புடே" என்ற ஒரே வார்த்தையோடு செருப்பை மாட்டிக்கொண்டாள். பஜ்ஜி அப்படியே ஆறிப்போயிற்று.

நான்கு நாட்கள் அப்பா என்னிடம் பேசவில்லை. அக்கா திட்டவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்து பேசாமல் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன். போன் மணி அடித்தால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்போம்.

ஐந்தாம் நாள் அடித்தது. செல்வக்குமார். கேட்டது என்னை!

"தம்பி, எனக்கு சங்கரியப் பிடிச்சிருக்கு. எங்கம்மாதான் ஒரே பிடிவாதமா இருக்காவ. ஒங்களால ஒரு காரியம் ஆகணும்."

"சொல்லுங்கண்ணே, ஒடனே எல்லாத்தையும் அழிச்சிடுதேன்."

"அழிக்க வேண்டாம். மத்தவன் எல்லாம் ஒத்த ஆளா நிக்கான், எம்புள்ள மட்டும் எட்டுப் பேரா நின்னு அடி வாங்கணுமாங்காவ. என்னைய அடிக்கிற பக்கம் மாத்திடுங்க."

வேலையில்லாத எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை அது. அவரையே சிரித்த முகத்தோடு ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி வாங்கி, கதாநாயகன் முகத்தில் ஒட்டினேன். இந்தமுறை மூட்டையையும் பிரித்துப் புதிதாகக் கட்டி நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு அவருடைய அம்மா நேரில் வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தன் மகன் கோட்டையைப் பிடிக்கிறவரை முழுசாகப் பார்த்தாள். பிம்ப்ரி மாமா மகன் அடி வாங்கியபோது அவள் முகத்தில் தெரிந்த திருப்தியை நான் சொல்லக் கூடாது. தாம்பூலம் மாற்றியாயிற்று.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பிடிக்காத எதற்கும் ஒரே பேச்சுதான். சட்டை பிடிக்கவில்லையா, குழம்பு சரியில்லையா, "கோட்டைக்கு அனுப்பிடு" என்பார் அத்தான்.

எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது, புனேயில் ஒரு தமிழ் வீடும் போட்டோ தரச் சம்மதிக்கவில்லை. ஜாதகம் மட்டும் வரும். "தம்பி நேர்ல வந்து பாத்துக்கிடட்டும்" என்று ஒரு சீட்டு கூடவே வரும். அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். இரண்டு நிமிஷம் தனியாகப் பேசச் சொன்னார்கள். அந்தப் பெண் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாம் கேள்விப்பட்டேன். வேண்டாம்னா தாராளமா சொல்லுங்க. ஆனா ஒங்க போட்டோ எங்கிட்டதான் இருக்கு. எனக்கும் கம்ப்யூட்டர் தெரியும்."

அவள் முடிப்பதற்குள் நான் சம்மதம் சொல்லிவிட்டேன். பயந்து சொன்னேன் என்று என் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பயம் பாதிதான்.