பாம்பு விஷமும் நாற்பத்தெட்டுப் படியும்

ஞாயிற்றுக்கிழமை தன் இடுப்பு ஒரு துரும்பைக்கூடத் தூக்காது என்று அச்சகக்காரர் புதன்கிழமை காலையிலேயே முடிவெடுத்துவிட்டார். எடுத்த முடிவில் மாறாத மனிதர். மனைவி எடுத்த முடிவிலிருந்தும் மாறியதில்லை என்பது வேறு விஷயம்.

வினை அவர் வாயால் வந்தது. அவர்கள் இருந்த கீழ்வீட்டில் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் மனைவி துணி தைக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயற்சி செய்வாள். மூன்றாம் மாடியில் பெரிய ஜன்னல் வைத்த வீடு காலியானதும், நாலு வருஷமாகக் காத்திருந்தவள் அன்றே வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சாமான் ஏறிடணும். இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்றார் அவர். பக்கத்தில் நின்ற நம்மவர், "இதுக்குப் போய் ஆள் எதுக்கு? பீரோவைச் சுவத்துல இடிச்சு வெப்பாங்க. நானே ஏத்திடறேன்" என்று மார்தட்டினார். அப்புறம்தான் படிகளை எண்ணினார். நாற்பத்தெட்டு.

அவருக்கு இடுப்புவலி உண்டு. இல்லையென்று சொன்னால் பாவம். அச்சகத்தில் கணினி முன்னால் எழுத்து அமைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து ஆறு வருஷமாகப் படுத்தும் நிஜ வலி. ஆனால் நேரம் காலம் தெரிந்த வலி. சினிமாவுக்குப் போகும்போது வராது. ஒட்டடை அடிக்கச் சொன்னால் ஓடி வரும். அதனாலேயே மனைவி அதை நம்புவதை நிறுத்தி வெகு நாளாகிவிட்டது. புதிதாக ஏதாவது செய்தாக வேண்டும்.

அன்றைக்குப் பார்த்து அச்சகத்துக்கு ஒரு தைலக்காரர் வந்தார். பாம்பு விஷம் கலந்த தைலமாம். தீராத வலியெல்லாம் தீருமாம். குப்பியில் ஒட்டச் சீட்டு அடிக்க வேண்டுமாம். மாதிரிக்கு ஒரு குப்பியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அச்சகக்காரருக்குப் பாம்பென்றால் அப்படியொரு பயம். சீட்டில் போட வேண்டிய பாம்புப் படத்தையே கையால் மறைத்துக்கொண்டுதான் அமைத்தார். ஆனால் குப்பியைப் பார்க்கப் பார்க்க மூளை வேலை செய்தது. உள்ளே இருந்ததைக் கொட்டினார். மூன்று தடவை கழுவினார். தான் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை வாங்கி வந்து அதில் நிரப்பினார். பிறகு ஒரு பத்தியச் சீட்டையும் தானே எழுதி, அமைத்து, அச்சடித்தார்.

இந்த இடத்தில் அவருடைய தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் எழுத்துகளைப் பார்ப்பாரே தவிர, படிக்க மாட்டார். இடைவெளி சரியா, ஓரம் நேரா, அவ்வளவுதான். தன் கல்யாணப் பத்திரிகையை அமைத்துவிட்டு, "மாப்பிள்ளை வீட்டிலேர்ந்து யாரையாவது வந்து பாத்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றவர். எந்தத் தாளாக இருந்தாலும் அடியில் அச்சகத்தின் பெயரும் பிரதிகளின் எண்ணிக்கையும் பொடி எழுத்தில் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பத்தியச் சீட்டு முடிந்ததும் விரல்கள் பழக்கதோஷத்தில் அந்த வரியையும் தட்டிவிட்டன.

சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்.

"என்னங்க, மறுபடியுமா?"

"இந்தத் தடவை சாதாரணமா விடறதா இல்லை. பாம்பு விஷம் வாங்கிட்டு வந்திருக்கேன்."

"ஐயோ! யாருக்கு?"

"எனக்குத்தான். தடவிக்க. இந்தா, சீட்டைப் படி."

மனைவி படித்தாள். "நோயாளி பதினைந்து நாள் குனியக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. மாடிப்படி அறவே கூடாது. யாரும் அவரைக் கடிந்து பேசக் கூடாது. பேசினால் விஷம் உறைந்துவிடும். மணிக்கொரு தரம் சூடாகத் தேநீர் தர வேண்டும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? பத்தியம்னு வந்தப்புறம் என்ன பண்றது, சொல்லு."

எந்தத் துணியை எடுத்தாலும் உள்பக்கத் தையலை முதலில் புரட்டிப் பார்ப்பவள் அவள். சீட்டைக் கடைசி எழுத்துவரை படித்தாள். குப்பியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தாள். "உங்க உடம்புதாங்க முக்கியம். குப்புறப் படுங்க" என்றாள். அச்சகக்காரருக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துப் புல்லரித்தது. எண்ணெய் தேய்த்த கை பழையபடி இருட்டில் ஊசியோடு மல்லாடப் போனபோது கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வந்தது. தேநீர் வந்ததும் அது போய்விட்டது.

வியாழனும் வெள்ளியும் ராஜபோகம். கீழே கிடந்த செருப்பைக்கூட மனைவியே எடுத்து மாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அச்சகத்தில் முதலாளி ஒரு தாளோடு அவர் மேஜைக்கு வந்தார். என்னவோ தெரியவில்லை, தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். "அவசர வேலைப்பா. ஒரு பக்கந்தான்."

"எழுத்து எவ்வளவு பெருசா வேணும்?"

"கண்ணாடி இல்லாமப் படிக்கிற மாதிரி. கேட்டவங்களால வர முடியலையாம். நீயே சரிபாத்துக் கையெழுத்துப் போட்டுடு."

அச்சகக்காரர் அமைத்தார். ஓரம் நேராக இருந்தது. மாதிரித் தாளின் கீழ் மூலையில் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் படுக்கையில் சாய்ந்தபடி இரண்டாவது தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, உங்க பத்தியத்துல ரெண்டாம் கட்டம் ஒண்ணு இருக்காம். தெரியாதா உங்களுக்கு?"

"ரெண்டாம் கட்டமா? அப்படி ஒண்ணும் இல்லையே!"

"நல்லவேளை, கையில கிடைச்சுது. கேளுங்க." நீட்டி முழக்கிப் படித்தாள். "தடவிய விஷம் மூன்று நாளில் இடுப்பில் தங்கும். சும்மா படுத்திருந்தால் நான்காம் நாள் தலைக்கேறும். இறக்குவதற்கு ஒரே வழி வியர்வை. நோயாளி பாரத்தோடு மாடிப்படி ஏற வேண்டும். படி ஏற ஏற விஷம் இறங்கும். குறைந்தது நாற்பது நடை. இடையில் வலிக்கிறது என்று வாய் திறந்தால் இறங்கிய விஷம் திரும்பவும் ஏறும்."

அச்சகக்காரர் துள்ளி எழுந்தார். மூன்று நாளாகக் குனியாத இடுப்பு நன்றாகவே வளைந்தது.

"பொய்! சுத்தப் பொய்! எந்த வைத்தியரும் இப்படி எழுதமாட்டார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எப்படியா? அடியில பாரு. எங்க அச்சகம் பேரு. 'பிரதிகள்: 1'னு போட்டிருக்கு. ஊருக்கெல்லாம் வைத்தியம் பண்றவன் ஒரே ஒரு சீட்டா அடிப்பான்? யாரோ உன்னை ஏமாத்த அடிச்சது!"

மனைவி தையல் பெட்டியிலிருந்து பழைய சீட்டை எடுத்துப் புதுச் சீட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். அதன் அடியிலும் அதே அச்சகம். அதே பொடி எழுத்து. அதே 'பிரதிகள்: 1'.

"இப்பச் சொல்லுங்க. இதுல எந்தச் சீட்டுங்க பொய்ச் சீட்டு?"

அச்சகக்காரர் பனியனை உள்ளே சொருகினார். "தையல் மெஷினை முதல்ல ஏத்திடலாமா?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம். பீரோவுக்கு மட்டும் எதிர்வீட்டு அண்ணனை வரச் சொல்லியிருக்கேன். ஒத்தை ஆளாத் தூக்கி உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நாற்பது நடை. பன்னிரண்டாவதில் முட்டி பேசியது. இருபதாவதில் தைலக்காரரைத் திட்டினார். முப்பதாவதில் திட்டவும் மூச்சில்லை. "வலி" என்று வாயெடுக்கும்போதெல்லாம் கீழிருந்து, "விஷங்க, விஷம்!" என்று குரல் வந்தது.

நாலு மணிக்குக் கடைசிப் பானை ஏறியது. அச்சகக்காரர் வெறுந்தரையில் குப்புற விழுந்தார். ஜன்னல் வழியாக அறை முழுக்க வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. மனைவி மெஷினை ஜன்னலோரம் போட்டு, ஊசியில் நூல் கோத்தாள். முதல் தடவையிலேயே கோத்துவிட்டாள். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தபோது, இதற்காக இன்னும் ரெண்டு நடைகூட ஏறியிருக்கலாம் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

"அந்த விஷத்தைக் கொஞ்சம் தடவேன்."

"உங்க தலைக்கு வெக்கிற எண்ணெய்தானே? தாராளமா."

கை இடுப்பில் இதமாக இறங்கியது. அச்சகக்காரர் முனகினார். "எங்க கடையிலேயே போய் அடிச்சிருக்கியே! முதலாளி எப்படி ஒத்துக்கிட்டாரு?"

"அவர் வீட்டம்மாவுக்குத் துணி தைக்கிறது யாராம்?"

"அது சரி. ஆனா இதை அமைச்சானே ஒரு துரோகி, அவன் யாருன்னு மட்டும் தெரியட்டும். என் சோத்துல மண்ணள்ளிப் போட இப்படியா உக்காந்து அழகு அழகா வேலை செய்வான்?"

மனைவி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள். தையல் பெட்டியிலிருந்து மாதிரித் தாளை எடுத்து அவர் மூக்குக்கு முன்னால் வைத்தாள். கீழ் மூலையில், அவர் கைப்பட: 'முழுவதும் படித்தேன். ஒரு தப்பும் இல்லை.'