ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு கூண்டு

பல் டாக்டர் ஐம்பது வயதில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதை யாரும் குற்றம் சொல்லவில்லை. சிலருக்கு அந்த வயதில் சர்க்கரை வருகிறது. இவருக்குக் கார் வந்தது. இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு, புலி உறுமுகிற மாதிரிச் சத்தம். வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவே அதை அவர் ஓட்டிப் போவார். சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்டு முந்திப் போவார்கள்.

இப்படிச் சிவனே என்று போய்க்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில், ஒரு நாள் சிக்னலில் இன்னொரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. அதன் உள்ளே கூரையை ஒட்டிக் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்கள். ரோல் கேஜ் என்று பெயர். பந்தயத்தில் கார் உருண்டால் உள்ளே இருப்பவர் நசுங்காமல் காப்பாற்றுகிற கூண்டு. ஓட்டி வந்தவன் இவர் காருக்குள் எட்டிப் பார்த்து, "கேஜ் போடலையா அங்கிள்?" என்றான்.

கேஜைக்கூடப் பொறுத்திருப்பார். அந்த 'அங்கிள்'தான் நெஞ்சில் தைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"நீங்க போற வேகத்துக்கு வண்டி கவிழணும்னா யாராவது வந்து புரட்டித்தான் விடணும்" என்றாள் அவள். "கூண்டு எதுக்கு?"

"வருமுன் காப்போம்."

"வர்ற ஆபத்தே உங்க பின்னாடி வழி இல்லாம ஹாரன் அடிச்சிட்டிருக்கு."

மறுநாள் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் காரைச் சுற்றி வந்து தாடையைச் சொறிந்தான்.

"ரேஸ்ல ஹெல்மெட் போட்டிருப்பாங்க சார். ரோட்ல சும்மா உக்காந்தா, லேசா பிரேக் அடிச்சாலே மண்டை குழாயில மோதும்."

"அப்போ ஆபத்தா? வேண்டாமா?"

"வேண்டாம்னு யாரு சொன்னா? ஹெல்மெட் போட்டுக்குங்க. ஹெல்மெட் போட்டா கழுத்து ஆடும், அதுக்குத் தோளோட சேத்துக் கட்டுற பெல்ட் இருக்கு."

"கட்டிட்டா திரும்ப முடியாதே? பின்னாடி வர்ற வண்டி எப்படித் தெரியும்?"

"ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கீங்க. பின்னாடி வர்றவனைப் பத்தி உங்களுக்கு என்ன சார் கவலை?"

இந்தத் தர்க்கம் டாக்டருக்குப் பிடித்துப்போயிற்று. கூண்டு ஏறியது. அன்று முதல் காருக்குள் நுழைய ஒரு காலை விட்டு, இடுப்பை மடித்து, தலையைச் சாய்த்து, தன்மானத்தை வெளியே கழற்றி வைக்க வேண்டியிருந்தது.

வண்டியில் மாற்றம் செய்தால் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அதிகாரி காரைக் குனிந்து பார்த்தார். விதிப்புத்தகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கூண்டு பொருத்திய வாகனம்னா, விதிப்படி அது விலங்குகளை ஏத்திட்டுப் போற வண்டி."

"உள்ள நான்தானே சார் உக்காரப் போறேன்?"

"அதைத்தான் நானும் எழுதியிருக்கேன்."

டாக்டருக்கு ஹெல்மெட்டுக்குள்ளேயே வியர்த்தது. "விலங்குன்னு எழுதாதீங்க சார்."

"'இதர விலங்குகள்'னு மரியாதையாத்தான் போட்டிருக்கேன். போய் மாட்டு டாக்டர்கிட்ட உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க."

கூண்டைக் கழற்றிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். 'அங்கிள்' காதில் ஒலித்தது. போனார்.

மாட்டு டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, "வாயைத் திறங்க" என்றார்.

"நான் பல் டாக்டருங்க."

"இருக்கட்டும். சான்றிதழ்ல வயசு எழுதணும். பல்லைப் பிடிச்சுப் பாத்தாத்தான் வயசு தெரியும்."

"பிறந்த தேதியை நானே சொல்றேனே?"

"இதுவரைக்கும் என்கிட்ட வந்த யாரும் வாயால சொன்னதில்ல. புதுசா ஒரு பழக்கம் எதுக்கு?"

தானம் வந்த மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வந்த டாக்டரின் பல்லை அவர் ஆட்டியே பார்த்தார். "கடைவாயில சொத்தை இருக்கு. நல்ல டாக்டராப் பாத்துக் காட்டுங்க" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

ஒப்புதல் வந்தது, ஒரு நிபந்தனையோடு: 'மேற்படி விலங்கு மேற்படி வாகனத்தை இயக்குதல் கூடாது. அதன் பொறுப்பாளரே இயக்குதல் வேண்டும்.'

பொறுப்பாளர் என்ற இடத்தில் மனைவி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். அவள் அழுத்திய அழுத்தில்தான் அந்தக் காருக்கு இத்தனை வேகம் உண்டு என்பதே டாக்டருக்குத் தெரிந்தது. சைக்கிள், பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் பின்னால் போயின. இரண்டு கையாலும் குழாயைக் கட்டிக்கொண்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே, கேஜ் வேணும்னு!" என்று அலறினார்.

பார்த்தவர்களுக்கு அது பரமசுகமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் பெரிய மனிதர் என்றால் கூண்டு இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. வக்கீல் போட்டார், வங்கி மேலாளர் போட்டார், பால் வேன்காரர்கூடப் போட்டார். ஒப்புதலோடு கொடுத்த 'இதர விலங்கு' அட்டையைக் கண்ணாடியில் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டிக்கொள்வது கௌரவம் ஆயிற்று.

சான்றிதழைப் புதுப்பிக்க டாக்டர் மறுபடி போனபோது, மாட்டு ஆஸ்பத்திரி வாசலில் தெருமுனை வரை வரிசை. எல்லோர் கையிலும் ஹெல்மெட். அவருடைய பழைய நோயாளிகள் பாதிப்பேர் அங்கேதான் நின்றார்கள். முன்னால் நின்றவர் போக்குவரத்து அதிகாரி. புதுக் காராம், வாயைத் திறந்து திறந்து பழகிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒருவர், தீனி தின்னாமல் சோர்ந்திருந்த பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். கம்பவுண்டர் வெளியே வந்து கையை விரித்தார்.

"இன்னிக்கு டோக்கன் தீந்துபோச்சு. மாடெல்லாம் இப்ப பாக்க நேரமில்லைங்க."

"வாய் வலிக்குது போல, பாவம். எங்க போவேன்?"

"மெயின் ரோட்ல ஒரு பல் டாக்டர் இருக்காரு. அங்க கூட்டமே கிடையாது."

பல் டாக்டருக்குச் சுருக்கென்று ரோஷம் வந்தது. ஓர் அடி முன்னால்கூட வைத்தார். ஆனால் வரிசையை விட்டால் இடம் போய்விடும். வாயை மூடிக்கொண்டார். உடனே பின்னாலிருந்து, பொறுப்பாளராகக் கூட வந்திருந்த அவர் மனைவி சொன்னாள்:

"மூடாதீங்க. உங்க முறை வரப்போகுது."