கென்ட் ஹாலன்பெக்கின் கார் அந்தரத்தில் நின்ற வரலாறு

மனிதன் நாலு காலை விட்டு இரண்டு காலில் எழுந்து நின்றது முதல் எழுச்சி. ஒஹாயோ மாநிலத்தில், மேப்பிள் ரிட்ஜ் குடியிருப்பில், கென்ட் ஹாலன்பெக்கின் சிவப்புக் கார் நான்கு சக்கரத்தையும் தரையிலிருந்து எடுத்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது இரண்டாவது எழுச்சி. இடையில் நடந்ததாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதெல்லாம் சில்லறைச் சமாசாரம்.

கென்ட் சாமானியர் அல்ல. லாரிகளுக்கு இரும்பு அச்சு செய்யும் ஆலையில் இருபத்தாறு வருடம் 'பாதுகாப்பு அதிகாரி'யாக இருந்தவர். "முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு" என்று ஆலையின் தூணுக்குத் தூண் எழுதி ஒட்டியவர். அதே ஆலையில் அந்த அச்சுகளைக் கையால் தூக்கியவன் அவர் மனைவி மார்லாவின் தம்பி, ரஸ் கபோஷி. தூக்குவதற்கு ஓர் இயந்திரம் வேண்டும் என்று தொழிலாளர்கள் பதினோரு வருடம் மனுக் கொடுத்தார்கள். மனு பதினோரு வருடமும் 'பரிசீலனையில்' இருந்தது. முதலில் ரஸ்ஸின் இடது தோள் போயிற்று, பிறகு ஆலையே போயிற்று. பரிசீலனை மட்டும் கென்ட்டின் மனதில் விடாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், கனமானதைத் தூக்க இயந்திரம் அவசியம் என்ற முடிவுக்கு வந்தார். தன் வீட்டுக் கராஜுக்கு, காரை அப்படியே மேலே தூக்கி நிறுத்தும் லிஃப்ட் ஒன்று வாங்கினார்.

ரஸ் இப்போது கூரை போடும் வேலைக்குப் போகிறான். ஏணியும் சாமானும் ஏற்றிப்போவது அவனுடைய பழைய பிக்கப் வண்டியில்தான். பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு அந்த வண்டியின் பிரேக் குழாயைத் தின்றுவிட்டது. மிதித்தால் பெடல் தரைவரைக்கும் போனது. குழாயோ வண்டியின் அடிவயிற்றில் முன்னாலிருந்து பின்னால்வரை ஓடுகிறது. தோள் போனவன் மல்லாந்து படுத்துச் செய்கிற வேலை இல்லை அது. திங்கட்கிழமை காலை வண்டியோடு வரவில்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

"நீ எதுக்கு மாப்ள கவலப்படற? லிஃப்ட் மாட்டினதும் மொத வண்டி உன்னோடதுதான். கை மட்டும் கொஞ்சம் குடு," என்றார் கென்ட்.

ரஸ் கைப்பிரேக்கை இழுத்து இழுத்து வண்டியை நாலு தெரு ஓட்டிவந்து, கென்ட் வீட்டெதிரே ஓரமாக நிறுத்திவிட்டு, கை கொடுக்கப் போனான்.

கென்ட்டின் கராஜ் தரையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது மரியாதையாகாது. எபாக்சி என்ற பளபளப்புப் பூச்சை மூன்று கோட்டு பூசி, முகம் பார்க்கலாம் போலிருக்கும் தரை. செருப்போடு உள்ளே வரக்கூடாது. ஆகவே ரஸ் தன் பூட்ஸின்மேல் ஆஸ்பத்திரியில் மாட்டுகிற நீல உறையை மாட்டிக்கொண்டு, ஆளுயரத்துக்கு மேலான இரும்புத் தூண்களை ஒவ்வொன்றாக உருட்டுக்கட்டைமேல் நகர்த்தி உள்ளே கொண்டுவந்தான்.

"முழங்கால மடக்கு மாப்ள," என்றார் கென்ட்.

"அவனுக்குத் தோள் இல்லன்னு தெரியும்ல?" என்றாள் மார்லா, சமையலறைக் கதவில் நின்றபடி.

"அதனாலதான முழங்கால மடக்கச் சொல்றேன்."

திட்டத்துக்கு ஒரு 'நிர்மாணக் குழு'வும் இருந்தது. தலைவர் கென்ட். செயலாளர் பக்கத்து வீட்டு வெர்ன், முன்னாள் இன்சூரன்ஸ்காரர். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது அவர் பொறுப்பு.

ரஸ் அண்ணாந்து பார்த்தான். "மச்சான், கூரை உயரம் அளந்தீங்க, சரி. கதவ அளந்தீங்களா?"

"கதவு வாசல்ல இருக்கு மாப்ள."

"மூடியிருந்தா வாசல்ல இருக்கு. தொறந்தா?"

திறந்தால் அந்தக் கதவு தண்டவாளத்தில் ஏறி, கூரைக்கு ஒன்றரையடி கீழே படுத்துக்கொள்ளும். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக் கராஜிலும் அப்படித்தான். கென்ட் தினம் இரண்டு வேளை அதன் அடியில் காரை விட்டு எடுப்பவர்.

"'கதவு சம்பந்தமாக ஓர் உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்'னு போட்டுக்கறேன்," என்றார் வெர்ன்.

"ரஸ் உறுப்பினர் இல்லயே," என்றார் கென்ட்.

"அப்ப அடிச்சிடறேன்."

கான்கிரீட்டில் பத்துத் துளை போட வேண்டியிருந்தது. ரஸ் துளை போட்டான். தூசி எபாக்சியில் படியாமல் இருக்க, கென்ட் வாக்குவம் கிளீனரின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதுவே 'கூட்டு உழைப்பு' என்று குறிப்பில் பதிவாகியிருக்கிறது. தூணை நிறுத்தியதும், போல்ட்டை இறுக்கியதும், மேல்குறுக்குச் சட்டத்தை ஏணியில் ஏறி ஒற்றைத் தோளில் தாங்கிப் பூட்டியதும் குறிப்பில் இல்லை. அது உறுப்பினர் அல்லாதவர் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. தெருவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மார்லா பெரிய பாத்திரத்தில் பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்டுக் காரமாகச் சமைத்து வைத்திருந்தாள்.

"இத மாட்ட ஆள் கூப்பிடலியான்னு எல்லாரும் கேக்கறாங்க," என்றார் கென்ட், பொத்தான்மேல் விரலை வைத்தபடி. "கூப்பிடல. நானே மாட்டினேன்."

கை தட்டினார்கள். கார் எழும்பியது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், மார்பு உயரம். பிறகு காரின் துணிக் கூரை, திறந்து கிடந்த கதவின் அடியில் போய்ப் பொத்தென்று முட்டியது. கதவு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

குழு அங்கேயே கூடியது. "கதவு எதிர்பாராத இடத்தில் காணப்பட்டது" என்று பதிவு செய்து, கார் மேலே இருக்கும்போது கதவு கீழே இருக்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. காரை இறக்கி, கதவை மூடி, விருந்தினரையெல்லாம் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சமையலறை வழியாக உள்ளே வரச் சொல்லி, மறுபடி எழுப்பினார்கள். இந்த முறை முழு உயரம். கென்ட் டார்ச்சோடு அடியில் போய் ஏதாவது பழுது இருக்கிறதா என்று அரை மணி நேரம் தேடினார். ஒன்றுமில்லை. ஏமாற்றத்தை வெளியில் காட்டாமல் ஒரு துணியால் துடைத்துவிட்டு வந்தார்.

எல்லோரும் போனபின் ரஸ் கேட்டான். "மச்சான், என் வண்டி."

"ஆமா, உன் வண்டி." கென்ட் தரையைப் பார்த்தார். "அதுல பிரேக் ஆயில் ஒழுகுதே மாப்ள."

"ஒழுகுதுன்னுதான சரி பண்ணணும்."

"பண்ணிட்டுக் கொண்டா. ஒழுகாத வண்டின்னா எனக்கு ஆட்சேபணையே இல்ல. எபாக்சி மேல பிரேக் ஆயில் பட்டா உரிஞ்சிடும். துரு வேற கொட்டும்."

"மொத வண்டி என்னோடதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இல்லங்கல. ஆனா ரிப்பேர் வண்டியெல்லாம் இதுல ஏத்த ஆரம்பிச்சா அப்புறம் இது என்ன ஆகும்? ஒர்க்‌ஷாப் ஆயிடும்."

"குடியிருப்புச் சங்க விதி பதினாலு," என்றார் வெர்ன், கிண்ணத்தை வழித்துக்கொண்டே. "வீட்டுல ஒர்க்‌ஷாப் வைக்கக் கூடாது."

"வெர்ன், நீங்க தின்னுட்டுக் கெளம்புங்க," என்றாள் மார்லா.

ரஸ் வெளியே போனான். பேசிக்கொண்டிருந்தால் இருட்டிவிடும். லிஃப்ட் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தெருவோரச் சேற்றுப்பனியில் விரித்தான். வண்டிக்கு ஜாக்கி கொடுத்து, இரண்டு மரக்கட்டையை முட்டுக்கு வைத்துவிட்டு மல்லாந்து உள்ளே போனான். பழைய குழாயைக் கழற்றக் கழற்றத் துரு கண்ணில் விழுந்தது. புதுக் குழாயைப் பொருத்தும்போது, இடது கை மேலே எழும்பாத இடத்தில் அந்தக் கையை வலது கையால் பிடித்துத் தூக்கி வைத்துக்கொண்டான். மார்லா கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

"மிதி அக்கா."

"மிதிச்சிட்டேன்."

"தரைக்குப் போவுதா?"

"போவல. நிக்குதுடா."

"அப்படியே புடி." கடைசி இணைப்பை இறுக்கினான். திங்கட்கிழமைக்கு வண்டி உண்டு.

அப்போது பளபளவென்ற ரப்பர் பூட்ஸ் இரண்டு வந்து அவன் தலைப்பக்கம் நின்றது. கென்ட் காப்பிக் கோப்பையோடு குனிந்தார். முதுகை வளைக்கவில்லை, முழங்காலை மடக்கித்தான் குனிந்தார். முகத்தில் உண்மையான கவலை.

"என்ன மாப்ள இது? ஜாக்கிய நம்பி அடியில படுக்கலாமா? இருபத்தாறு வருஷம் தொண்டத்தண்ணி வத்தச் சொன்னேன். ஒருத்தனாவது கேட்டிருப்பீங்களா? ஒரு லிஃப்ட் வாங்கிக்க. ஒண்ணும் பிரமாதமில்ல, நாமளே மாட்டிக்கலாம். எப்படின்னு நான் வந்து சொல்லித் தரேன்."

"மாட்டத் தெரியும் மச்சான்," என்றான் ரஸ் வண்டிக்கு அடியிலிருந்து. "நேத்துதான் ஒண்ணு மாட்டினேன்."

கென்ட் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார்.

"அட, யார் வீட்ல?"