அரை மில்லிமீட்டர் உறை

'விட்டுடலாம்' என்று சொல்லும் ஓர் இனம் உண்டு, வாசகரே. நான் சொல்லப்போகிறவர் அதில் அசல் ரகம். உலைக் கதவு செய்யும் தொழிற்சாலையில், இரும்புக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போடுபவர்.

கதவு ஐம்பது மில்லிமீட்டர் இரும்பு. மேலே அரை மில்லிமீட்டர் பீங்கான் பூச்சு. பலகை கொள்ளாமல் சமன்பாடு எழுதி, நெற்றியைச் சொறிந்து, டீயை உறிஞ்சி, பூச்சைக் குறிக்கும் உறுப்பை மட்டும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு நிமிர்ந்தார். தீர்ந்தது. பூச்சே வேண்டாம், பூச்சுப் பிரிவை மூடிவிடலாம் என்று அறிக்கையும் தயார்.

அந்தப் பிரிவில் ஐந்து பேர். அவர்களில் மூத்த பெண்மணி வந்து சொன்னார்.

"பூசாத கதவுப் பக்கம் நிக்க முடியாது சார்."

"நூத்துல ஒரு பங்கும்மா. விட்டுடலாம்."

வீட்டிலும் இதே கதைதான். கல்யாண நாளுக்கு மறுநாள் வாழ்த்துச் சொல்வார். கேட்டால், முந்நூற்று அறுபத்தைந்தில் ஒன்று. ஞாயிறு காலை, இரும்புச் சூப் சட்டியின் கைப்பிடியில் உரிந்துகொண்டிருந்த மெல்லிய உறையை, மனைவி தடுக்கத் தடுக்க, 'அரை மில்லிமீட்டர்தானே' என்று முழுசாகச் சுரண்டி எடுத்தார்.

மத்தியானம் மாமனார் சாப்பிட வந்தார்.

"சூப் சட்டியை எடுத்துட்டு வாங்க," என்றாள் மனைவி.

"துணி எங்கே?"

"எதுக்கு? போனது அரை மில்லிமீட்டர்தானே."

கொள்கைக்காரர் அல்லவா, வெறுங்கையால் தூக்கினார். மூன்றடி நடந்தார். நாலாவது அடியில் கொள்கை கைவிட்டது. கை சட்டியை விட்டது. இருபது வருடமாக முழங்கால் வலி என்று முனகிய மாமனார், ஒரே தாவில் நாற்காலி மேல் நின்றார்.

திங்கட்கிழமை, கட்டுப்போட்ட கையோடு மறுபடி கணக்குப் போட்டார். தடிமனை மட்டும் பார்த்தால் போதாது, அதை வெப்பம் கடத்தும் திறனால் வகுக்க வேண்டும். வகுத்தார். அரை மில்லிமீட்டர் பூச்சு, இருபத்தைந்து மில்லிமீட்டர் இரும்புக்குச் சமம். கதவில் சரிபாதி!

பழைய அறிக்கையைக் கிழித்தார். பூச்சுப் பிரிவு பிழைத்தது. பெண்மணி புது அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார்.

"இதை முதல்ல சொன்னது நான்தானே சார். என் பேரைக் காணோமே?"

"ஒரு வரிதானேம்மா..."

திருந்தாத ஜென்மம் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது யாரிடம்? அப்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா?