கடலுக்கு அடியில் சூளை மாஸ்டர்

தனியாக ஒரு பயணம் போவதற்காக ஊரையே கூட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் சூளை மாஸ்டர். வேண்டுமானால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் கிளார்க்காக இருந்தேன். ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்து இன்சுலேட்டர், ஊறுகாய் ஜாடி என்று எல்லாம் செய்வோம். செய்வது முப்பது பேர். அதைச் சுட்டு உருப்படியாக வெளியே எடுப்பது ஒருவர். சூளைச் சுவரில் செங்கல் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். மாஸ்டர் அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்து, உள்ளே தெரியும் நிறத்தைக் கொண்டே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். மீட்டர் வேறு மாதிரி காட்டினால் மீட்டரைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்புவோம். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

ஒரு நாள் டீ வேளையில் என்னைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, நெருப்பே இல்லாத எடம் ஒண்ணு சொல்லு பாப்பம்."

"ஊட்டிங்களா மாஸ்டர்?"

"ஏன், ஊட்டில அடுப்பு எரியலயா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "தண்ணிக்கு அடியில தம்பி. அங்கதான் எவனும் தீக்குச்சி கிழிக்க முடியாது. அந்தமான் பக்கத்துல ஒரு சின்னத் தீவு இருக்குதாம். முதுகுல சிலிண்டரு மாட்டி அடியில எறக்கி வுடுறாங்களாம். டிவியில காட்டுனான். நான் போவப்போறேன். தனியா."

அந்த 'தனியா'வை அவர் சொன்ன விதத்தில் எனக்கே வேர்த்தது.

"ஏன் மாஸ்டர் தனியா?"

"இருவத்தஞ்சு வருசமா முப்பது பேரு 'மாஸ்டர், மாஸ்டர்'னு கூப்புட்டுக்கிட்டே இருக்கீங்க. அடியில போயிட்டா எவன் கூப்புட்டாலும் கேக்காதுல்ல?"

கடல்தான் வேண்டுமென்றால் கடலூர் இருக்கிறதே, பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்தானே என்று கேட்டேன். அங்கே தண்ணீர் கலங்கலாக இருக்குமாம். அந்தமானில் அடியில் கிடக்கும் கூழாங்கல் மேலிருந்தே தெரியுமாம். "நல்லா வந்த கிளேஸு மாதிரி" என்றார், ஜாடி மேல் பளபளக்கும் கண்ணாடிப் பூச்சைச் சொல்லி. அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

அன்றைக்கே திட்டம் தொடங்கியது. கடைவீதி பிரவுசிங் சென்டரில் என்னை உட்கார வைத்து, கடலில் மூழ்குவது பற்றி நாற்பது பக்கம் பிரிண்ட் எடுக்க வைத்தார். எல்லாம் ஆங்கிலம். நான் எனக்குத் தெரிந்த அளவுக்குத் தமிழில் சொல்ல, அவர் அதைச் சூளைத் தமிழில் மாற்றிக்கொண்டார். ஆழத்திலிருந்து மெதுவாகத்தான் மேலே வரவேண்டும், அவசரப்பட்டால் உயிருக்கு ஆபத்து என்று ஒரு பக்கத்தில் இருந்தது.

"அதத்தான நாம தெனம் செய்யறோம்! சூடு ஆறாம கதவத் தொறந்தா ஜாடி வெடிக்குதுல்ல? மனுசனும் ஜாடிதான் தம்பி" என்றார்.

மறுநாள் கட்டம் போட்ட தாளில் ஒரு சார்ட் தயாராகி வந்தது. சூளைக்கு எந்த நேரத்தில் எத்தனை டிகிரி ஏற்றவேண்டும் என்று நாங்கள் போடும் அதே சார்ட். டிகிரி இருக்கவேண்டிய இடத்தில் அடிக் கணக்கு இருந்தது. மெதுவாக இறக்கம், அடியில் இருபது நிமிஷம் ஊறல், அதாவது அப்படியே நிறுத்தி வைப்பது, பிறகு மெதுவாக ஏற்றம். அதற்குக் கண்ணாடித் தாள் ஒட்டி லேமினேஷன் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கம்பெனியில் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்து யோசனை சொன்னார்கள். பேக்கிங் பிரிவில் ஒரு அம்மா, ஊறல் பத்து நிமிஷம் போதும், கிழவருக்குச் சளி பிடித்துக்கொள்ளும் என்றார். மாஸ்டர் அதையும் பரிசீலனையில் வைத்தார்.

தடைகள் இரண்டு. முதல் தடை லீவு. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சூளையைப் பற்ற வைத்த கைதான் அதை அணைக்கவேண்டும். வேறு கை பட்டால் சரக்கு கோணிக்கொள்ளும் என்று முதலாளியின் அப்பா காலத்திலிருந்து நம்பிக்கை. மாதம் மூன்று முறை சூளை பற்றும். ஒவ்வொன்றும் ஆறி முடிய ஒரு வாரம். மீதி நாட்களுக்குள் அந்தமான் போய்த் திரும்ப முடியாது. லீவு கேட்டு மூன்று முறை போனார். முதலாளி மூன்று முறையும் காப்பி கொடுத்து அனுப்பினார்.

இரண்டாவது தடை அவர் மனைவி. நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கோணான்குப்பம் மாதா கோயிலுக்கு வருஷம் தவறாமல் நடந்தே போகிறவர். மாஸ்டரிடம் மட்டும், எட்டு வார்த்தையில் சொல்ல வேண்டியதை இரண்டு மூன்று வார்த்தையில் சொல்லிவிடுவார்.

"கல்யாணமாகி இருவத்தாறு வருசத்துல என்னய வேளாங்கண்ணி தாண்டிக் கூட்டிக்கிட்டுப் போனது கெடையாது. சுனாமி வந்து ஊரே அழுவுது. இப்பப் போயி கடலுக்குள்ள போறேன், அதுவும் தனியாப் போறேன்னா என்னா அர்த்தம் தம்பி?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தனியான்னா தனியாதான்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"போங்க. மீனு திங்கட்டும்" என்று அக்கா முடித்துவிட்டார்.

மாஸ்டர் அசரவில்லை. பயிற்சியைத் தொடங்கினார். சூளை ஓட்டையில் கண்ணை வைக்கும்போதெல்லாம் மூச்சை அடக்குவார். நிறம் என்ன என்று நாங்கள் கேட்டால் பதில் வராது. முகம் மட்டும் சிவக்கும். அடுத்த கட்டமாக, வேப்பூர் ரோட்டில் ஒருவருடைய பாசனக் கிணற்றைத் தேர்ந்தெடுத்தார். அடியில் போய் உட்காரப் பாரம் வேண்டுமே? கழித்துப் போட்ட இன்சுலேட்டர்களைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகக் கிணறு. காதில் தண்ணீர் புகுந்து, திங்கட்கிழமைகளில் பஞ்சு வைத்துக்கொண்டு வருவார்.

நாலாவது ஞாயிறு அது நடந்தது. கரையில் வேட்டி, சட்டை, செருப்பு, மேலே ஜெபமாலை எல்லாம் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. கிணற்றுக்குள் குமிழி வந்துகொண்டிருந்தது. மோட்டார் போட வந்த கிணற்றுக்காரருக்கு வேறு என்ன தோன்றும்? "ஐயோ, ஆளு வுழுந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே குதித்தார். பின்னாலேயே அவர் தம்பியும் குதித்தார். அடியில் மாஸ்டர் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பிரிண்டில் படித்தபடி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நலமாக இருக்கிறேன் என்று சைகை காட்டினார். சாகப் போகிறவர் கும்பிடுகிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முடியைப் பிடித்து மேலே இழுத்தார்கள். சார்ட் பிரகாரம் மெதுவாகத்தான் ஏறுவேன் என்று அவர் முரண்டு பிடிக்க, காதோடு ஒரு அறை விழுந்தது.

"யோவ், சாவறதுக்கு எங்க கெணறுதான் கெடச்சிதா? இடுப்புல வேற கல்ல கட்டிக்கிட்டு!"

"நான் சாவ வரலிங்க. அந்தமான் போறதுக்குப் பழவறேன்."

இப்படி ஒரு பதிலைக் கேட்டால் நீங்களானால் நம்புவீர்களா? அவர்களும் நம்பவில்லை. முன்னும் பின்னும் ஆள் உட்கார்ந்து, நடுவில் மாஸ்டரை வைத்து பைக்கில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஜங்ஷன் ரோடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சூளை மாஸ்டர் மனசு வெறுத்துக் கிணற்றில் குதித்துவிட்டார். நான் ஒவ்வொருவரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். "நீங்க நல்லவரு தம்பி, விட்டுக் குடுக்க மாட்டீங்க" என்று என் தோளைத் தட்டினார்கள்.

திங்கட்கிழமை முதலாளி அவர் வீட்டுக்கே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மாஸ்டர், தப்பு என்னுதுதான். மூணு வாட்டி கேட்டீங்க, நான்தான் குடுக்கல. பதினஞ்சு நாளு சூளை பத்த வேணாம். எங்க போவணும்னு ஆசப்பட்டீங்களோ போயிட்டு வாங்க."

மூன்று முறை கெஞ்சிக் கிடைக்காத லீவு, ஒரே ஒரு வதந்தியில் கிடைத்தது. மாஸ்டர் எழுந்து கைகூப்பினார். முதலாளி இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா தனியா வுட மாட்டோம். அக்காவும் கூட வருவாங்க. கப்பல் டிக்கெட்டு ரெண்டு சொல்லியாச்சு."

கிணற்றில் குதித்த மனிதரைத் தனியாகக் கடலுக்கு அனுப்புவதற்கு யாருக்கு மனசு வரும்? அன்றைக்கு மாஸ்டர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் ஆசைப்பட்டது தீவுக்காக மட்டும் அல்ல, யாரும் கூப்பிடாத அந்த இருபது நிமிஷத்துக்காக. அதற்கு இப்போது காவலாளி போட்டுவிட்டார்கள், அதுவும் கட்டின மனைவியை.

வழியனுப்ப முப்பது பேரும் ஸ்டேஷனுக்கு வந்தோம். "தண்டவாளத்துப் பக்கம் நிக்க வுடாதீங்க" என்று பேக்கிங் அம்மா கிசுகிசுக்க, நான்கு பேர் மாஸ்டரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அக்கா கட்டுச்சோறும் ஊறுகாய் ஜாடியுமாக ஏறி உட்கார்ந்தார். மாஸ்டர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, நலமாக இருக்கிறேன் என்று விரலைச் சேர்த்துக் காட்டினார்.

பதினைந்தாம் நாள் திரும்பி வந்தார்கள். கம்பெனியில் வரவேற்பு. முதலாளி சால்வை போர்த்தினார். மைக் வேறு. எல்லோரும் அக்காவை மேடைக்குத் தள்ளினார்கள்.

"மாஸ்டரு அடியில போனப்ப பயந்துட்டீங்களாக்கா?"

"பயமாதான் இருந்துது. படகுல உக்காந்து ஜெபமால சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார் அக்கா, தரையைப் பார்த்தபடி.

கைதட்டல் எழுந்தது. மாஸ்டர் மைக்கைப் பிடுங்கினார்.

"பொய் சொல்றா. ஜெபமால சொன்னது நானு. எறங்குனது அவ."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விஷயம் வெளியே வந்தது. தீவில் கடலுக்குக் கூட்டிப்போகிறவர், தமிழ் தெரிந்தவர், உடம்பு பற்றி ஒரு படிவம் நிரப்பச் சொல்லியிருக்கிறார். காதில் கோளாறு உண்டா என்ற கேள்விக்கு மாஸ்டர் இல்லை என்று எழுதியிருக்கிறார். பக்கத்திலிருந்த அக்கா, "திங்கக்கெழமையானா பஞ்சு வெச்சிக்குவாருங்க" என்று சொல்லிவிட்டார். டாக்டர் பார்த்தார். செவிப்பறையில் ஓட்டை. இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாஸ்டர் யாரையும் திட்டவில்லை. கரையில் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

"அதப் பாத்துட்டுதான் அவ போயி, எனக்குக் காது நல்லாதான இருக்குது, என்னய எறக்குங்கன்னு கேட்டிருக்கா. நீச்சலும் தெரியாது. கைய புடிச்சிக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. என்னோட சார்ட்ட கழுத்துல மாட்டிக்கினு போனா" என்றார் மாஸ்டர்.

பிறகு முதலாளி எழுந்து, "பாத்தீங்களா? இதான் மாஸ்டரு. செஞ்சது தானா இருந்தாலும் பேர வூட்டுக்காரம்மாவுக்குக் குடுக்குறாரு" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மாஸ்டர் இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார். மறுக்க மறுக்கத் தட்டினார்கள். சாகப் போகவில்லை என்று சொன்னபோது நம்பாத ஊர், கடலில் இறங்கவில்லை என்று சொன்னபோதும் நம்பவில்லை. அன்றிலிருந்து அவர் ஆழ்கடல் மாஸ்டர்.

சந்தேகம் தீர நான் அக்காவைத் தனியாகக் கேட்டேன்.

"நான்தான தம்பி வாயத் தொறந்து கெடுத்தேன்? அந்த மனுசன் முதுவக் காட்டிக்கிட்டு உக்காந்தத பாக்க முடியல. சரி, இவரு போவ முடியலன்னா என்னா, போயி பாத்துட்டு வந்து இவருகிட்ட சொல்லுவோம்னு எறங்குனேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் அந்த ஊரில் இருந்தேன். வேலை முடிந்து அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் என் அறைக்குப் போகவேண்டும். ஜன்னல் திறந்திருக்கும். உள்ளே அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே நீல மீன்களைப் பற்றியும், விரல் பட்டதும் மூடிக்கொண்ட ஏதோ ஒரு பூவைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருப்பார். எத்தனையாவது தடவையோ. பேச்சு நின்றதும் மாஸ்டர், "அப்புறம்?" என்பார். அதைக் கேட்பதற்காகவே அந்த இடத்தில் நான் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன்.