தூணோரம் நிற்கும் அப்பா

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. நீயும் அத்தானும் நல்ல திடத்தோடு இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதத் துணிந்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. உட்கார்ந்துகொண்டு படி.

நம் அப்பா நடித்த படம், பழுதெல்லாம் நீக்கி, புதுப்பித்து, டிஸ்க்காக வந்திருக்கிறது. நடித்தது என்றால், தையல் கடையை ஒரு நாள் மூடிவிட்டு ரயில் நிலையக் காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றது. தூணுக்குப் பக்கத்தில் நின்றதாகவும், கேமராவைப் பார்க்காதே என்று டைரக்டர் தன்னை மட்டும் தனியாகத் திட்டியதாகவும் சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாரே, அதே காட்சி. அப்பா அசைவதைப் பார்க்க நமக்கு இருப்பது அந்த ஒன்பது விநாடிதான்.

டிஸ்க்கைப் போட்டேன். அக்கா, என்ன தெளிவு! ஒவ்வொரு கட்டமாக உட்கார்ந்து கீறலைத் துடைத்திருக்கிறார்கள் புண்ணியவான்கள். கதாநாயகியின் காதோர முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. கதாநாயகன் கோட்டில் இரண்டாவது பொத்தானுக்குக் கீழே நூல் தொங்குகிறது, அப்பா பார்த்திருந்தால் படப்பிடிப்பை நிறுத்தியிருப்பார். அது மட்டுமா, அந்தக் காட்சியில் மழை பெய்கிறது! எண்பது தடவை பார்த்திருக்கிறேன், இத்தனை வருஷமும் அதை நம் பழைய வீடியோ கேசட்டின் கோளாறு என்றே நினைத்து வி.சி.ஆர். ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு குறை, படத்துக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. முழு டிவி வாங்கிவிட்டுப் பாதியில் படம் பார்ப்பானேன் என்று, டிவி மாட்ட வந்தவரிடம் சொன்னேன். அவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திப் படத்தைப் பெரிதாக்கித் திரை முழுக்க நிரப்பிக் கொடுத்தார். நல்ல வேலைக்காரர்.

அப்புறம் ரயில் நிலையம் வந்தது. தூண் வந்தது. நாம் கேசட்டில் கண்டுபிடித்த அந்த வெள்ளை உருவம், வட்ட முகமும் தூக்கிய கையுமாக, ஞாபகம் இருக்கிறதா? கேசட் நடுங்கும்போதெல்லாம் அப்பா கையசைக்கிறார் என்று நீ தேம்பினாயே? உன் பிள்ளைக்குத் தாத்தாவின் மூக்கு அப்படியே வந்திருக்கிறது என்று அத்தான் திரையைத் தொட்டுக் காட்டினாரே? அக்கா, அது எடை பார்க்கிற மெஷின். வட்ட முகம் அதன் கண்ணாடி. தூக்கிய கை, யாரோ அதில் மாட்டிவிட்டுப் போன குடை. முப்பத்தொரு வருஷமாக அப்பாவின் நினைவு நாளன்று நாம் எல்லோரும் வரிசையாக நின்று எடை மெஷினைக் கும்பிட்டிருக்கிறோம். கல்யாணமான முதல் வருஷமே உன் நாத்தனார், அதாவது அத்தானின் தங்கையான என் வீட்டுக்காரி, "மாமா இவ்ளோ குண்டு இல்லையே" என்று சொன்னாள். உனக்கு சினிமா தெரியாது என்று அடக்கிவிட்டேன்.

மூன்று நாளாகப் படத்தை நிறுத்தி நிறுத்தி, பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டேன். சுமை தூக்குகிறவர்கள் பதினொரு பேர், ஒரு நாய், தூங்குகிற கிழவர் ஒருவர், எல்லோரும் பளிச்சென்று இருக்கிறார்கள். அப்பா இல்லை. அந்த மனுஷர் வாயில் பொய் வராது, ஆனால் படம் பொய் சொல்லாது என்று நான்தானே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்? ஒருவேளை வெட்டியிருப்பார்கள். ஒருவேளை நம்மைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாரோ என்னவோ. அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்.

அத்தானுக்கு என் வணக்கம். மருமகன் நீடூழி வாழட்டும். அவன் மூக்கைப் பற்றிச் சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலை கவிழ்ந்த தம்பி

பி.கு.: மேலே உள்ளதை மறந்துவிடு. திருப்பி எழுதப் பொறுமை இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன். கவரை ஒட்டப் போகும்போது உன் நாத்தனார் ரிமோட்டைத் துடைக்கிறேன் என்று எதையோ அழுத்திவிட்டாள். ரயில் நிலையத்தில் நிறுத்தி வைத்திருந்த படத்தில் கறுப்புப் பட்டைகள் திரும்ப வந்துவிட்டன. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் படம் இரண்டு பக்கமும் விரிந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: திரையை நிரப்புகிறேன் என்று கேசட்காரன் அன்று ஓரங்களை வெட்டினான், இன்று நானே வெட்டியிருக்கிறேன். இடது ஓரத்தில் இன்னொரு தூண் இருந்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆள். "மாமாதானே அது? கழுத்துல இஞ்சு டேப்பைக் கழட்டாமயே போய் நின்னிருக்காரு பாருங்க" என்றாள் இவள். அவரேதான் அக்கா. மழையில் நனைந்துகொண்டு, இருபத்தேழு வயசில், என் மகனைவிடச் சின்னவராக, கொள்ளை அழகாக நிற்கிறார். மூக்கு உன் பிள்ளையுடையதேதான். எல்லோரும் ரயிலைப் பார்க்கிறார்கள், இவர் மட்டும் திட்டு வாங்கியபடியே கேமராவைப் பார்க்கிறார், நேராக, நம்மை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து நின்று கும்பிட்டேன்.

"உக்காருங்க, மறைக்குது" என்றாள். "நானும் பாக்கணும்ல."