மேசைமேல் நின்ற சாட்சி

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுதச் சொன்னால் எப்படியோ எழுதிவிடுவேன். நாலு ஆம்பளைகள் முன்னால் பேசச் சொன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த வாயில்லாத்தனம்தான் என்னைப் பினாங்கு போகவிடாமல் செய்தது.

என் வீட்டுக்காரர் அங்கே மளிகைக் கடையில் வேலை பார்த்தார். மகள் செல்லம் வயிற்றில் இருக்கும்போதே கப்பல் ஏறியவர். “உங்களை அழைத்துக்கொள்ள முதலாளி சம்மதித்துவிட்டார். பிள்ளையின் பிறப்புப் பதிவு நகல் வாங்கி அனுப்பு. இங்கே குடியேற்றச் சட்டம் மாறப்போகிறதாம், தாமதிக்காதே” என்று கடிதம் போட்டிருந்தார்.

செல்லத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமியாரோடு (நான் அத்தை என்பேன்) அறந்தாங்கி தாலுகா ஆபீசுக்குப் போனேன். (அறந்தாங்கி அப்போது தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது.)

“புள்ளைக்கு எந்த ஊரும்மா?” என்றார் குமாஸ்தா.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, “அப்பன் ஊருதானய்யா புள்ளைக்கு ஊரு, எழுதுங்க” என்றார்.

தலைப்பிரசவம் என் தாய்வீட்டில், குடுமியான்மலைப் பக்கம் நடந்தது. அது எனக்குத் தெரியாதா? (பெற்றவளே நான்தானே!) ஆனால் அத்தனை பேர் முன்னால் அத்தையை மறுத்துப் பேச வாய் வரவில்லை. சர்க்காரும் பிள்ளையை அப்பன் ஊரில்தான் எழுதியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு தூணோரம் ஒதுங்கினேன்.

பாவம், அந்த மனிதர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வந்தும் பதிவேட்டைப் புரட்டினார். கடைசியில், “ஆத்தா, ஒங்க ஊர்ல அப்படி ஒரு புள்ள பொறக்கவே இல்ல” என்றார்.

அத்தைக்கு வந்ததே கோபம்! “பொறக்கலையா? அப்ப இது யாரு?” என்று செல்லத்தைத் தூக்கி மேசைமேல் நிறுத்திவிட்டார். “மூக்கப் பாருங்க, எம் மகன் மூக்கு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

சாட்சி அழுதது. பிறகு மேசையை நனைத்தது. பதிவேட்டைக் குமாஸ்தா நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றிவிட்டார். எங்கள் மனுதான் ஊறிப்போனது.

ஆபீசே சிரித்தது. ஈரக் கையை உதறிக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். “ஏம்மா, நீயாச்சும் சொல்லு. பிரசவம் எங்க ஆச்சு?”

தூணைப் பார்த்துச் சொன்னேன். “எங்க அம்மா வீட்லங்க. குடுமியான்மலைப் பக்கம்.”

“இதக் காலையிலேயே சொல்லக்கூடாதா? பொறந்த எடத்துலதாம்மா பதிவாங்க. அது வேற ஜில்லா. புதுக்கோட்டைல மனுக் குடுங்க. அப்பா பேரு, ஊரு, பொறந்த மாசம் சொன்னாப் போதும், தேடிக் குடுப்பாங்க.”

பஸ்ஸில் அத்தை, “ஒனக்கு வாயி எதுக்குடி இருக்கு, சோறு திங்கவா?” என்றார்.

அந்த வெட்கத்தில் இன்னொரு ஆபீஸ் படியேற எனக்குக் கால் வரவில்லை. அறுப்பு முடிந்து அண்ணன் வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் நகல் வாங்கி அனுப்பியபோது அங்கே சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். எங்கள் பயணம் அதோடு நின்றது.

என் வீட்டுக்காரர் ஊர் திரும்பியபோது செல்லம் தாவணி போட்டிருந்தாள். வாசலில் பெட்டியோடு நின்றவரிடம், “வாங்க, உக்காருங்க, அம்மா உள்ள இருக்காக” என்றாள். உள்ளே ஓடிவந்து, “யாரோ வந்திருக்காகம்மா” என்றாள்.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வர நாளானது. பிறகு அவர் கடைத்தெருவுக்குப் போய்வந்தாலும் செல்லம், “வாங்க, உக்காருங்க, அம்மா உள்ள இருக்காக” என்பாள். கண்மூடும் வரைக்கும், அவள் வீட்டில் இருந்தால், அதைக் கேட்காமல் அவர் வாசற்படி தாண்டியதில்லை.